எலுமிச்சைத் தொட்டியில் வடிந்த தண்ணீர்

மார்ச் 4

தம்பிக்கு,

ஆறு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காராதே, யாருக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. அம்மாவின் எலுமிச்சைக்குத்தான் உடம்பு சரியில்லை.

அதே ஜன்னல், அதே மண்தொட்டி. ஒரு மாதமாக இலைகள் மஞ்சளாகின்றன. நுனியெல்லாம் தீக்குச்சியால் சுட்ட மாதிரி பழுப்பு. படம் எடுத்து அனுப்பலாம் என்று பார்த்தால் என் கைபேசிக்கு மஞ்சள் என்றால் என்னவென்றே தெரியவில்லை, எல்லாவற்றையும் பச்சைப்பசேல் என்று காட்டுகிறது. அதனால் இரண்டு இலையைப் பறித்து இதோடு வைத்திருக்கிறேன். உனக்குக் கை சும்மா இருக்காது. கசக்கி முகர்வதற்கு முன்னால் ஒரு தடவை ஒழுங்காகப் பார்.

ஊருக்கெல்லாம் தண்ணீரைச் சோதித்துச் சொல்கிறவன் நீ. வீட்டுச் செடிக்கு ஒரு வழி சொல் என்று கேட்கிறேன், அவ்வளவுதான். ஜனவரியில் வயிற்றில் ஆபரேஷன் ஆனதிலிருந்து வீட்டோடுதான் இருக்கிறேன், அதனால்தான் செடியைப் பார்க்கவே நேரம் கிடைத்தது. தையல் மெஷினை மூடி வைத்துவிட்டேன். தைத்து முடித்த திரைச்சீலைகளை வாங்கிப்போக இன்னும் ஆள் வரவில்லை. அறையின் குறுக்கே கயிறு கட்டி அத்தனையையும் தொங்கவிட்டிருக்கிறேன். மத்தியானம் காற்று வரும்போது சுவரெல்லாம் நகர்கிற மாதிரி இருக்கும். நடுவில் நான் படுத்திருப்பேன். தூங்குகிறேனா, விழித்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். இலைக்கு எழுது.

அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

செடியைப் பற்றி ஒரு பக்கம், ஆபரேஷனைப் பற்றி அரை வரி. என்ன ஆபரேஷன், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாய், யார் கூட இருந்தார்கள், இப்போது என்ன சாப்பிடுகிறாய்? இலைக்கு மட்டும் எழுது என்றால் நான் என்ன தோட்டக்காரனா?

சரி, இலை. கசக்கித்தான் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே. உறையைப் பிரித்ததும் வாசனை மேசை முழுக்க வந்துவிட்டது. வேலை நேரத்தில் பத்து நிமிஷம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் சோதனைக்கூடத்துக்கு அடியில்தான் பெரிய பம்புகள் ஓடுகின்றன. தரை எப்போதும் லேசாக நடுங்கும், தேநீர்க் கோப்பையில் நாள் முழுக்க வட்டம் வட்டமாய் அலை எழும். அன்றைக்கு அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ அனுப்பியதில் சின்ன இலையில் நரம்பு பச்சை, நடுவெல்லாம் மஞ்சள். இது இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாமல் போகும், காரணம் பெரும்பாலும் கடின நீர். உங்கள் கட்டடத்துத் தொட்டியைச் சுத்தம் செய்து எத்தனை நாளாயிற்றோ. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடு. அடியில் வெள்ளையாய்ப் படிந்ததை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் ஊற்று. ஒரு வாளிக்கு அரை ஸ்பூன் வினிகர் போதும். மூன்று வாரத்தில் தெரிந்துவிடும்.

இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீரோடுதான் குடித்தனம். இதில் எனக்குத் தப்பாது.

என்ன சாப்பிடுகிறாய் என்று எழுது.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

உனக்குத் தப்பாது என்று எழுதியிருந்தாய். செடிக்கு அது தெரியவில்லை. நீ சொன்னபடி கொதிக்கவைத்து, ஆறவைத்து, தெளியவைத்து, மருந்து மாதிரி அளந்து ஊற்றினேன். இன்னும் ஏழு இலை உதிர்ந்தது. தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. மண்ணின் மேல் பஞ்சு மாதிரி ஏதோ படர்கிறது. எறும்பு வேறு. மூன்றாவது மாடிக்கு வழி கண்டுபிடித்து, சுவரோரமாக வரிசை கட்டி வந்து தொட்டிக்குள் இறங்குகின்றன. இன்றைக்கு மூன்று இலை வைத்திருக்கிறேன், இந்தத் தடவை பெரிய இலை.

நீ கேட்டதற்கு: வயிற்றில் பாதியை எடுத்துவிட்டார்கள். கெட்டது எல்லாம் போய்விட்டது, இனி உடம்பு தேறினால் போதும் என்றார் டாக்டர். எதிர்வீட்டு டீச்சர் ஆஸ்பத்திரியில் கூட இருந்தார். சாப்பாடு கொஞ்சம் கொஞ்சம்தான். அதுபோக டப்பாவில் ஒரு சத்துப் பவுடர், தினம் மூன்று டம்ளர் கரைத்துக் குடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமைதோறும் நர்ஸம்மா எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வருகிறார். குளிர் தாங்காமல் நீளமாக ஒரு அங்கி தைத்துப் போட்டிருக்கிறேன், அதோடேயே ஏறி நிற்பேன். "குறையவே இல்லையே, நல்லா இருக்கீங்க" என்று போன வாரமும் சொன்னார். போதுமா விவரம்?

மத்தியானத் தூக்கத்தில் அம்மா வருகிறார். பேசுவதில்லை. திரைச்சீலைகளுக்கு நடுவே பூவாளியோடு நடக்கிற சத்தம் கேட்கும், ஒரு துணி அசையும், அப்புறம் அடுத்தது. எந்தத் துணிக்குப் பின்னால் இருக்கிறார் என்று தேடிக்கொண்டே விழித்துக்கொள்வேன். எழுந்து பார்த்தால் மண் ஈரமாக இருக்கும். நான்தான் ஊற்றியிருப்பேன்.

படிக்கட்டில் நின்று நீ சொன்னதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அம்மாவை இறக்கிக் கொண்டுபோன அன்றைக்கு, அத்தனை பேர் நடுவில், "கூட இருந்தவங்க ஒரு வாய் ஊட்டியிருந்தா அம்மா இப்பவும் இருந்திருப்பாங்க." நல்லது, நீ அதை எழுதாமலே இரு. நானும் எழுதவில்லை, செடியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அக்கா

மார்ச் 27

அக்காவுக்கு,

எழுதவில்லை என்று சொல்லிக்கொண்டே எழுதிவிட்டாய். அப்படியானால் நானும் ஒன்று சொல்கிறேன். கடைசி மூன்று மாதமும் "அம்மா நன்றாகச் சாப்பிடுகிறார்" என்று வாராவாரம் எழுதியது நீதான். அந்தக் கடிதங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அதை நம்பி இங்கே பம்புக்கும் குழாய்க்கும் நடுவில் நிம்மதியாக இருந்தேன். இரண்டு நாள் ரயிலில் வந்து பார்த்தால் அம்மா ஒரு போர்வையின் மடிப்பு அளவுக்கு இருந்தார். நான் யாரைக் கேட்பேன்? வாய் தவறி வந்ததல்ல அது. வயிறெரிந்து சொன்னது.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். கிழித்துப் போடவும் மனமில்லை, அப்படியே வருகிறது.

பெரிய இலைகளைப் பார்த்தபிறகு எனக்கே என் மேல் சந்தேகம். இரும்பு மட்டும் குறைந்தால் நுனி இப்படிக் கருகாது. இது உப்பு. செடி குடிக்கிற தண்ணீரோடு உப்பும் ஏறி, போக வழியில்லாமல் நுனியில் நின்றுவிடுகிறது. நீ உரம் அள்ளிப் போடுகிறாயோ? எறும்பு வருவது மாவுப்பூச்சிக்காக இருக்கலாம். இலைக்கு அடியில், கணுவில், பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்.

இனி ஊகம் வேண்டாம். இரண்டு பாட்டில் அனுப்பு. ஒன்றில் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில், தொட்டிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டபின் அடியில் தட்டில் வடிகிறதே, அது. வேருக்கு நடுவில் என்ன இருக்கிறதென்று அந்தத் தண்ணீருக்குத்தான் தெரியும்.

தம்பி

ஏப்ரல் 3

தம்பிக்கு,

பாட்டில்கள் தனிப் பார்சலில் வருகின்றன. சிவப்பு நூல் கட்டியது குழாய்த் தண்ணீர், வெள்ளை நூல் கட்டியது தட்டில் வடிந்தது. மாவுப்பூச்சி இல்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கணுவாகப் பார்த்தேன். உரம் எதுவும் போடவில்லை.

வெள்ளை நூல் பாட்டிலில் கொஞ்சம் வாடை வரும். நாலு பேர் இருக்கும்போது திறக்காதே. உனக்கு நேரமில்லையென்றால் திறக்காமலே விட்டுவிடு. ஒரு செடிதானே.

அக்கா

ஏப்ரல் 12

அக்காவுக்கு,

நாலு பேர் இருக்கும்போதுதான் திறந்தேன். மூடியைத் திருகியதும் சோடா மாதிரி பொங்கி மேசையில் வழிந்தது. பக்கத்து மேசைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "செடித் தண்ணின்னு சொன்னீங்க? இது புளிச்ச பாலுங்க. எங்க மாமியாருக்கு ஆஸ்பத்திரியில டப்பாவுல ஒரு பவுடர் குடுப்பாங்க, கழுவாத டம்ளர் அப்படியே இதே வாசம்தான் வரும்" என்றார்.

நான் சிரித்துவிட்டு மீட்டரை எடுத்தேன். குழாய்த் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு இருநூற்றுப் பத்து மில்லிகிராம். குறை சொல்ல ஒன்றுமில்லை, உங்கள் கட்டடத்துத் தொட்டியிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். தட்டுத் தண்ணீரில் நாலாயிரத்துத் தொள்ளாயிரம். மீட்டர் கெட்டுவிட்டது என்று வேறொன்றை எடுத்தேன், அதுவும் அதையேதான் காட்டியது. அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ், பால் புரதம், சர்க்கரை. எந்த உரக்கடையிலும் வெனிலா மணக்கிற உரம் விற்பதில்லை அக்கா.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். வடிகட்டும் தொட்டிகளின் மேல் பனி மாதிரி நீராவி நின்றது. அங்கே கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டேன். மஞ்சள் ஆரம்பித்து ஒரு மாதம் என்று மார்ச்சில் எழுதினாய். ஆபரேஷன் ஜனவரியில். தினம் மூன்று டம்ளர்.

நீ குடிக்கவில்லை. ஒரு டம்ளரைக்கூட.

எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. குடிக்காதவளுக்கு எடை எப்படிக் குறையாமல் நிற்கிறது? மெஷின் பொய் சொல்லுமா? எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, பயமாக இருக்கிறது.

தம்பி

ஏப்ரல் 18

தம்பிக்கு,

மெஷின் பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

திரைச்சீலை காற்றில் பறக்காமல் நேராக விழ வேண்டும் என்றால் அடிமடிப்பில் ஈயக் குண்டு வைத்துத் தைப்போம். என்னிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, ஒவ்வொன்றும் நூறு கிராம். அந்த அங்கியைக் குளிருக்காகத் தைத்தேன் என்று எழுதினேனே, அதன் அடிமடிப்பில் இப்போது இருபது இருக்கிறது. முதல் வாரம் இரண்டு வைத்தேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு. நர்ஸம்மா போனதும் அதைக் கழற்றிப் போட்டால் கூரையில் முட்டிக்கொள்வேனோ என்று இருக்கும், உடம்பு அவ்வளவு லேசாகிவிட்டது. அந்த லேசு பிடித்திருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பவுடர் தொண்டையில் இறங்கவில்லை. சுண்ணாம்பைக் கரைத்துக் குடிக்கிற மாதிரி இருந்தது. கழுவும் தொட்டியில் கொட்ட மனம் வரவில்லை, சத்துப் பொருளாயிற்றே. நான் குடிக்காவிட்டால் என்ன, எலுமிச்சையாவது குடிக்கட்டும் என்று ஊற்றினேன். நல்லது செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது கருக ஆரம்பித்தபோதுதான் பதறினேன். என்னைப் பற்றிப் பதறவில்லை, அம்மாவின் செடி போகிறதே என்று பதறினேன். உனக்கு இலையை அனுப்பினேன். நீ கண்டுபிடித்துவிட வேண்டும் என்றுதான் அனுப்பினேனோ என்னவோ.

இன்னொன்றும் இருக்கிறது. சொல்லக் கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

அம்மாவுக்கும் டாக்டர் இதே பவுடரைத்தான் எழுதினார். நான் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுத் தைக்க உட்காருவேன். திரும்பிப் பார்த்தால் காலியாக இருக்கும். நன்றாகச் சாப்பிடுகிறார் என்று நான் உனக்கு எழுதியதெல்லாம் அதை நம்பித்தான். ஒரு நாள் தொட்டிக்கு எறும்பு வந்தது. எறும்பின் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். கேட்டதற்கு அம்மா வெட்கப்பட்டார், சின்னக் குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போதும்டி எனக்கு. இதுக்கு மேல ஊட்டாதே. சின்னவனுக்குத் தெரிய வேண்டாம், வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவான். வந்து என்ன பண்ணுவான், வாயைத் திற வாயைத் திறன்னு அழுவான்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பிடியில் வலுவே இல்லை.

அதற்குப் பிறகும் நான் உனக்கு "நன்றாகச் சாப்பிடுகிறார்" என்றே எழுதினேன். அது பொய்தான். தொட்டியைக் கழுவி, மண்ணை மாற்றி, எலுமிச்சையை மட்டும் பிழைக்க வைத்தேன். படிக்கட்டில் நீ சொன்னபோது திருப்பிச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. அம்மாவை நாலு பேர் தூக்கிக்கொண்டு நிற்கும்போது அவரைக் காட்டிக் கொடுக்க வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டேன். ஆறு வருஷமாக அது உள்ளேயே இருக்கிறது.

டம்ளரைத் தூக்கும்போதெல்லாம் யாருக்காகக் குடிக்கிறேன் என்று தோன்றும். பதில் தெரியாது. எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவேன்.

அக்கா

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

நான் சொன்னது தப்பு. ஆறு வருஷம் ஒரு தப்பைப் பிடித்துக்கொண்டு ரோஷமாக இருந்திருக்கிறேன். மன்னித்துக்கொள் என்று கேட்டால் நீ உடனே "போடா" என்றுவிடுவாய், அதனால் கேட்கவில்லை. தப்பு என்று மட்டும் எழுதி வைக்கிறேன். அந்தப் பழைய கடிதங்களை நேற்று எடுத்து மறுபடி படித்தேன். "நன்றாகச் சாப்பிடுகிறார்" என்ற இடத்தில் எல்லாம் மை கொஞ்சம் அழுத்தி விழுந்திருக்கிறது. அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும், பார்க்கத் தெரியவில்லை.

யாருக்காக என்று கேட்டிருந்தாய். எனக்காகக் குடி. வேறு அழகான பதில் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. உன்னைவிட்டால் எனக்குத் திட்டுகிறதற்கு ஆளில்லை.

அதே பவுடர் டப்பா ஒன்று வாங்கினேன். நான்கு நாளாகத் தினம் மூன்று டம்ளர் குடிக்கிறேன். சோதனை முடிவு: சூடாக இருந்தால் சுண்ணாம்பு, ஆறினால் ஈரச் சுவர், நன்றாகக் குளிரவைத்தால் மட்டும் பரவாயில்லை. டம்ளரை முகத்துக்கு நேரே தூக்கவே கூடாது, வாசம் மூக்கில் ஏறிவிடும். மூடி போட்ட கோப்பையில் ஸ்ட்ரா வைத்துக் குடி. உனக்குப் பாதி வயிறுதான் இருக்கிறது என்பதை டம்ளரைக் கொடுத்தவர்கள் யோசிக்கவில்லை. காய்ந்த தொட்டியில் ஒரே தடவையாகக் கொட்டினால் பக்கவாட்டில் வழிந்து ஓடிவிடும். கொஞ்சம் ஊற்றி, மண் இழுக்கும் வரை இருந்து, மறுபடி கொஞ்சம். அப்படிக் குடி. நாலு வாய், அப்புறம் ஒரு கால் மணி நேரம் காற்றில் துணி ஆடுவதைப் பார், அப்புறம் நாலு வாய்.

செவ்வாய்க்கிழமை அங்கியைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறு. நர்ஸம்மாவிடம் நீயே சொல். நீ சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன்.

எலுமிச்சைக்கு: மண்ணின் மேலே படர்ந்ததைச் சுரண்டி எடு. தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோ. நீ தூக்காதே, டீச்சரைக் கூப்பிடு. தொட்டி கொள்கிற அளவைப்போல நாலு பங்கு குழாய்த் தண்ணீர், மெதுவாக, அடியில் வடிந்து போகப் போக ஊற்றிக்கொண்டே இரு. தட்டில் தேங்கவிடாதே. முதலில் பழுப்பாக வரும், அப்புறம் தெளியும். ஒரு வாரம் விட்டு மறுபடியும் ஒரு தடவை. கருகின இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்து மனம் விடாதே. பழைய இலை என்ன ஆனாலும் கணக்கில்லை. தேறுகிறதா இல்லையா என்று புது இலையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இருபது நாள் லீவு எழுதி வைத்திருக்கிறேன், தேதி போடவில்லை. அந்தப் படிக்கட்டில் நீ வா என்று சொல்லாமல் ஏற மாட்டேன்.

தம்பி

மே 22

தம்பிக்கு,

ஒரு மாதம் பதில் போடவில்லை. சொல்வதற்கு ஏதாவது இருக்கட்டும் என்று காத்திருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அங்கியை நர்ஸம்மாவின் கையில் கொடுத்தேன். கனம் தாங்காமல் கை தாழ்ந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, என் கத்தரிக்கோலாலேயே மடிப்பைப் பிரித்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். பத்தொன்பது வரை எண்ணினார். திட்டப் போகிறார் என்று நின்றேன். "இவ்வளவு நேர்த்தியா தைக்கிறீங்க, இதுல பாதி அக்கறையை வயித்து மேல காட்டியிருந்தா நான் எப்பவோ இந்த மெஷினைத் தூக்குறதை நிறுத்தியிருப்பேன்" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குண்டுகளையும் பெட்டியில் மிச்சமிருந்ததையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலு வாய், கால் மணி நேரம். உன் கணக்குப்படித்தான் நடக்கிறது. முதல் வாரம் அழுதுகொண்டே குடித்தேன். இப்போது திட்டிக்கொண்டே குடிக்கிறேன், திட்டு முழுக்க உனக்குத்தான். நேற்று முன்தினம் மெல்லிசாக ஒரு சேலையோடு ஏறி நின்றேன். எண்ணூறு கிராம் கூடியிருக்கிறது. என்னுடைய சொந்த எண்ணூறு கிராம்.

எலுமிச்சையை டீச்சர் தூக்கி வந்து வைத்தார். நான் முக்காலியில் உட்கார்ந்து ஊற்றினேன். நீ எழுதியபடியே முதலில் பழுப்பாக, நுரையோடு வந்தது. ஊற்றிக்கொண்டே இருந்தேன். குளியலறை முழுக்க அம்மாவின் வாசனை வந்தது, அல்லது எலுமிச்சையின் வாசனை, எனக்கு இரண்டும் ஒன்றுதான். நாலாவது வாளியில் தண்ணீர் தெளிந்து வந்தது. அம்மா போன பிறகான ஆறு வருஷத்தையும் என் நாலு மாதத்தையும் அந்த ஓட்டை வழியாக அனுப்பிவிட்ட மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு அநேகமாக எல்லா இலையும் கொட்டிவிட்டது, வெறும் குச்சியாக நின்றது. நீ சொன்னாயே என்று பேசாமல் இருந்தேன்.

மத்தியானத்தில் அம்மா இப்போது வருவதில்லை. திரைச்சீலைகளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள், அறை பெரிதாகிவிட்டது. வெயில் ஜன்னலிலிருந்து கதவு வரைக்கும் தடையில்லாமல் வருகிறது. அதில் படுத்துத் தூங்கி எழுந்தால் பசிக்கிறது. ஆமாம், பசி.

இந்த உறை ஏன் இவ்வளவு கனம் என்று பிரிக்கும்போதே நினைத்திருப்பாய். தபால் ஆபீஸிலும் கேட்டார்கள். உள்ளே இருப்பது இருபதாவது குண்டு. கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது, நர்ஸம்மாவின் எண்ணிக்கையில் வரவில்லை. இது என் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. மேசையில் காகிதம் பறக்காமல் வைத்துக்கொள்.

இலை வைக்கவில்லை. முந்தாநாள் காலையில் உச்சிக் குச்சியில் ஒன்று விட்டிருக்கிறது, உன் சுண்டுவிரல் நகம் அளவுதான். மஞ்சள் இல்லை, நுனி கருகவில்லை. நரம்பெல்லாம் எண்ணிவிட்டேன். உனக்குக் கிள்ளி அனுப்பத்தான் விரலைக் கொண்டுபோனேன். முடியவில்லை, இதை நீ வந்துதான் பார்க்க வேண்டும்.

லீவுக்குத் தேதி போடு.

அக்கா